வெள்ளிக்கிழமை மட்டும் நகர்ந்த கோடு

1. இருட்டில் உட்காரும் வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேடம் என்னை ஓர் இருட்டறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கதவின் அடி இடுக்கிலும் கறுப்புத் துணி. என் கை எனக்கே தெரியவில்லை. புது ஆளைச் சோதிக்கிறாரா, இல்லை மறந்தேபோய்விட்டாரா என்று புரியாமல், எழுந்திருக்கவும் பயந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் மைக்ராஸ்கோப்பின் விளக்கை மட்டும் போட்டார். "கண்ணுக்கு இருட்டு பழகணும். இப்போ பாருய்யா" என்றார். குனிந்து பார்த்தேன். கறுப்பான ஒரு வட்டம். அதற்குள் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள் அசையாமல் நின்றன.

"இன்னா மேடம் இது, நட்சத்திரமா?"

"தங்கம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தங்கத் துகள். நீ போட்டிருக்கியே மோதிரம், அதே தங்கம்தான். அர்த்தமயிந்தா?"

என் கையில் மோதிரம் இல்லை. அந்த இருட்டில் மேடம் அதைக் கவனித்திருக்க முடியாது. அர்த்தமாச்சு என்று தலையாட்டினேன். தலையாட்டியதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மேடம் தெலுங்குக்காரர். சென்னையில் படித்து, வெளிநாட்டில் சில வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திருப்பதியில் ஒரு கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். நான் சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தமிழ், பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கு. நைனா, என் அப்பா, அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்து நான் கண்ட பலன், சித்தூரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற உத்தியோகம். லென்ஸைக் கீறாமல் துடைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில்தான் மேடம் என்னை எடுத்துக்கொண்டார். ப்ராஜெக்ட் போஸ்ட். ப்ராஜெக்ட் இருக்கும் வரை நானும் இருப்பேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மிஷின் எப்படி ஓட்டுவது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதற்குத்தான் கம்பெனிக்காரன் தடிமனான புத்தகம் கொடுத்திருக்கிறானே. ஒருவரும் பிரிப்பதில்லை என்பது வேறு விஷயம். நான் ஒரே ஒரு பழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2. ரோஸ்மில்க்

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் பாம்பு விஷம் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பாம்பின் விஷம் என்று சீக்கிரம் சொல்ல ஒரு சென்சார் செய்வது. எங்கள் ஜில்லாவில் நிலக்கடலைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் கால் வைக்கிறவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல் பட்ட இடமே சரியாகத் தெரியாது. கடித்ததா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தே போய்ச் சேர்ந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

மற்ற லேபுகளில் தேடுகிற பொருளோடு மின்னுகிற சாயம் ஒன்றை ஒட்டுவார்கள். நகைக்கடையில் ஒவ்வொரு நகைக்கும் சீட்டு கட்டிவிடுவது போல. சீட்டைத் தேடினால் நகை கிடைக்கும். எங்களுடையது சீட்டு கட்டாத முறை, லேபிள்-ஃப்ரீ. தங்கத் துகளின் மேல் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைப் பூசி வைப்போம். விஷம் இருந்தால் தானாக வந்து அதன்மேல் உட்காரும். உட்கார்ந்ததும் அந்தத் துகள் சிதறடிக்கும் ஒளியின் நிறம் துளி மாறும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மலை மாதிரி ஒரு கோடு வரும், அதன் உச்சிக்குப் பீக் என்று பெயர். அந்தப் பீக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தால், யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இருட்டு எதற்கென்றால், விளக்கின் ஒளி நேராக லென்ஸுக்குள் போகாமல் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்திருப்போம். ஓட்டு வீட்டில் ஓட்டை வழியே வெயில் விழும்போது தூசி மின்னுமே, அந்தக் கணக்குதான். துகள் மட்டும் தெரியும், சுற்றி எல்லாம் கறுப்பு. இதனால் ஒரு தொல்லையும் உண்டு. நமக்கு வேண்டாத தூசியும் சேர்ந்து மின்னும்.

தங்கத் துகளையும் நாங்களே காய்ச்சுவோம். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து சிட்ரேட்டை ஊற்றினால், மஞ்சள் போய், வெளுத்து, கறுத்து, கடைசியில் நல்ல சிவப்பாகும். முதல் தடவை அதைப் பார்த்த ரமணம்மாக்கா சிரித்துவிட்டார். "தங்கம் தங்கம்னு சொல்லி ரோஸ்மில்க்க காட்டுறீங்களேப்பா. இத எந்தக் கடையில அடகு வெக்கிறது?"

ரமணம்மாக்கா எங்கள் டிபார்ட்மெண்டைக் கூட்டிப் பெருக்குகிறவர். சந்திரகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து எல்லா அறையையும் திறப்பார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பிள்ளைகள் பெங்களூரில். எங்கள் இருட்டறைக் கதவில் மேடம் ஒரு தாள் ஒட்டியிருந்தார். செருப்பு கூடாது, துடைப்பம் கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தலையில் பூ கூடாது. அதைப் படித்துக் காட்டச் சொன்ன ரமணம்மாக்கா, "இத்தினி கூடாதுன்னா உள்ள மனுசங்க இருக்கலாமா?" என்று கேட்டார்.

3. குவைத்தின் விடுமுறை நாள்

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் கொஞ்சம் வரும். அது இல்லாமல் பழுது புரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் என் மனைவி அமுலு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி வீடுகளில் ஒருத்தர் வெளியே போயிருப்பார். படித்தவன் அமெரிக்கா, படிக்காதவன் குவைத், இரண்டும் இல்லாதவன் பெங்களூர். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் வேலையோ எப்போது நிற்கும் என்று தெரியாத வேலை. "உன் வேலை நெலச்சிதுன்னு சொல்லு. அட்த்த பிளேன்ல ஏறி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏர்போர்ட்டில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

திருச்சானூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வாரத்தில் ஒரு நாள்தான் அவளால் பேச முடியும். அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர்கள் எழுந்திருக்கும் முன் காலையில் பேசிவிடுவாள். எங்கள் இருட்டறையில் சிக்னல் என்ற பேச்சே கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் நான் திருச்சானூர் அறையிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

"இன்னாய்யா, துன்னியா?"

"துன்னேன். நீ?"

"நான் இனிமேதான். இந்தக் கொயந்த எழுந்துகினா ஆரம்பிச்சிடும். வேலை எப்டி கீது?"

"போய்க்கினு கீது."

பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவள் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குப் பல் முளைத்தது, நான் வைத்த சாம்பாரில் உப்பு கூடியது, இவ்வளவுதான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே பிடிக்காது. அப்புறம் கிளம்புவேன். வெள்ளிக்கிழமை திருச்சானூர்க் கோயிலில் அம்மாவாரைப் பார்க்க வரும் கூட்டத்தில் ஷேர் ஆட்டோவில் இடம் பிடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். மற்ற நாளெல்லாம் ரமணம்மாக்காவோடு சேர்ந்தே உள்ளே நுழையும் நான், வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பின்னால் வருவேன். மேடத்துக்கு இது தெரியும். ஒன்றும் சொன்னதில்லை.

நான் தனியாக இருந்தேன். இதை இப்படியே எழுதிவிடுகிறேன். இருட்டறையில் தனியாக உட்கார்ந்து, ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு போய், அறையில் தனியாகச் சாப்பிட்டுப் படுத்தேன். சில நாள் காலையில் ரமணம்மாக்காவிடம் பேச வாயைத் திறக்கும்போதுதான், நேற்று சாயந்திரத்திலிருந்து நான் பேசவே இல்லை என்பது தொண்டைக்குத் தெரியும். ஊரில் கேட்டால், "புதுசா வந்த கம்பெனில சேந்துட்டு இங்கியே இருடா" என்பார்கள். எனக்கு அந்தப் பச்சைப் புள்ளிகள் பிடித்திருந்தன. அமுலு இதைத்தான் கிண்டல் செய்வாள். "பொண்டாட்டி மேல இல்லாத ஆச புள்ளி மேல கீது உனக்கு."

4. யாரும் வராமலே யாரோ வந்தார்கள்

இனி பழுது.

சாயந்திரம் தங்கம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளைக் கழுவி, பீக் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு, மேஜையில் தட்டுகளில் பரப்பிக் காயவைத்துவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் ஆன்டிபாடி பூசும் முன் வெறும் பஃபர் கரைசலில் வைத்து இன்னொரு முறை பார்ப்பேன். விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்குப் பிளாங்க் என்று பெயர். சாயந்திரம் நின்ற இடத்திலேயே பீக் நிற்க வேண்டும்.

திங்கள் நின்றது. செவ்வாய் நின்றது. புதன், வியாழன் நின்றது. வெள்ளிக்கிழமை வலப்பக்கம் நகர்ந்தது. சனிக்கிழமை, புதிதாகக் காயவைத்த கண்ணாடிகளில், மறுபடி நின்றது.

முதல் தடவை என் கை தவறு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். கறுப்பு வட்டத்தில் பெரிய பெரிய வெள்ளைப் புள்ளிகளும் கூடுதலாகத் தெரிந்தன. அவற்றை ரோட்டுத் தூசி என்று ஒதுக்கிவிட்டேன். விஷம் இல்லாமலே விஷம் வந்துவிட்டது என்று சொல்லும் சென்சாரை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?

மேடம் வரிசையாகச் சந்தேகப்பட ஆரம்பித்தார். தண்ணீரைச் சந்தேகப்பட்டார், மாற்றினோம். விளக்கைச் சந்தேகப்பட்டார், மாற்றினோம். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார், புது ஸ்டெபிலைசர் வந்தது. கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்தார். வந்தது செவ்வாய்க்கிழமை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, "சார், மிஷின் பக்கா. ஒரு ப்ராப்ளமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தரிசனத்துக்குச் சிபாரிசு கிடைக்குமா என்று கேட்டார்.

கடைசியில் சந்தேகம் என்மேல் வந்தது.

"தேசப்பா, வெள்ளிக்கிழமை நீ என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல மேடம். லேட்டா வர்றேன். அவ்ளோதான்."

"தலைக்கு எண்ணெய் வைக்கிறயா? சந்தனம், விபூதி, ஏதாவது?"

"இல்ல மேடம்."

"மனசு சரியில்லாம கை நடுங்குதா?"

மேடம் நல்லவர். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. உண்மையிலேயே எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நான் வேறு ஆள். போனை வைத்துவிட்டு வரும் ஆள். அவன் தொட்டால் தங்கம்கூட ஒழுங்காக நிற்காதோ என்று, பிசிக்ஸ் படித்த நான், ஆட்டோவில் வரும்போது யோசித்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து கமிட்டி வரப்போகிறது என்று தகவல் வந்தது. வேலையைப் பார்த்து, ப்ராஜெக்டை நீட்டிப்பதா, மூடுவதா என்று முடிவு செய்வார்கள். "பிளாங்க் நகர்ந்தா முடிஞ்சது தேசப்பா. முதல்ல அதைத்தான் கேட்பாங்க" என்றார் மேடம். மூடினால் மேடத்துக்கு வகுப்பு எடுக்கும் வேலை இருக்கும். எனக்குச் சித்தூர் கண்ணாடிக் கடை இருக்கும். அமுலு வருவதற்கான பிளேன்தான் இருக்காது.

அந்த வாரங்களில் போனில் நான் வேறு எதையும் பேசவில்லை. கோடு நகருது அமுலு, வேலை நிக்குமோ நிக்காதோ தெரியல, மேடம் மூஞ்சியே சரியில்ல. அவள் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரியாப் பூடும்யா" என்பாள். அதை அவளுக்கு யார் சொல்வார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

5. போன் வராத காலை

ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

வழக்கமான நேரம் தாண்டியது. நான் கூப்பிட்டால் அவள் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது என்பதால் அதுவரை கூப்பிட்டதே இல்லை. அன்று கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. உடம்பு சரியில்லையா, அடித்துவிட்டார்களா, போனைப் பிடுங்கிக்கொண்டார்களா? குவைத் கதைகள் ஊரில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அறைச் சுவர் நான்கும் கிட்டே வருவது போல இருந்தது. அங்கே உட்கார முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கூட்டம் சேரும் முன்னால் ஆட்டோ கிடைத்தது. வெள்ளிக்கிழமை அவ்வளவு சீக்கிரம் நான் லேபுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

இருட்டறைக் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து புகை வந்தது.

ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து ஓடினேன். உள்ளே ரமணம்மாக்கா செருப்பில்லாமல், தலையில் பூவில்லாமல், தாளில் எழுதியிருந்த அத்தனை கட்டளைக்கும் கட்டுப்பட்டு நின்றிருந்தார். கையில் தூபக்கால். தேங்காய் ஓட்டுக் கரியில் சாம்பிராணி பொங்கிக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்புக்கு ஒரு சுற்று, ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒரு சுற்று, கண்ணாடித் துண்டுகள் காயும் மேஜைக்கு நிதானமாக மூன்று சுற்று.

"அக்கா! இன்னாக்கா பண்றீங்க?"

"ஏம்பா கத்தற? வெள்ளிக்கெயம. புக போடறேன். ஒவ்வொரு வாரமும்தான் போடறேன்."

அவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கச் சாம்பிராணி. டீக்கடையில், ஆட்டோவில், எங்கள் ஆபீஸ் அறையில் சாமி படத்துக்கு முன்னால். திருப்பதியில் வெள்ளிக்கிழமை அந்த வாசனை இல்லாவிட்டால்தான் தலை நிமிர்ந்து என்னவென்று பார்ப்போம். வாராவாரம் அதே வாசனையில் நடந்து வந்து, அதே வாசனையில் உட்கார்ந்து, மேடமும் நானும் தண்ணீரைச் சந்தேகப்பட்டிருக்கிறோம். சாம்பிராணியில் இருக்கும் பிசின் புகையாகி, கழுவி இரவெல்லாம் காய்ந்த தங்கத்தின் மேல் மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கிறது. வந்து உட்கார்ந்தது யார் என்று தங்கம் பார்க்காது. யார் வந்தாலும் பீக் நகரும். நான் ரோட்டுத் தூசி என்று ஒதுக்கிய வெள்ளைப் புள்ளிகள் கரிப்புகை.

"இதுக்குள்ள எதுக்குக்கா புக? தாள்ல படிச்சிக் காட்டினேன் இல்ல?"

"தொடப்பம் கூடாதுன்னீங்க, தொடல. பூ கூடாதுன்னீங்க, வெளிய எட்த்து வெச்சிட்டு வந்தேன். புக கூடாதுன்னு அதுல எழுதியிருந்துதா, நீயே சொல்லு."

எழுதியிருக்கவில்லை.

அவர் தூபக்காலைக் கீழே வைத்தார். குரல் தணிந்துவிட்டது. "வெள்ளிக்கெயம நீ வர்ற மூஞ்சியப் பாக்கறேன் நைனா. செத்த வீட்டுக்குப் போய்ட்டு வர்றவன் மாதிரி வந்து இந்த இருட்டுல குந்திக்கினே இருக்க. வீட்டுல வெளக்கேத்தவும் பொம்பள இல்ல உனக்கு. புகையாவது காட்டுவோம், கெட்டது போவட்டும்னுதான். வேற இன்னா?"

அந்த ஊரில் என் முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

6. படிக்கட்டு

மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், பிறகு ஆராய்ச்சிக்காரராக மாறினார். "நம்பக் கூடாது, நிரூபிக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க வழக்கம் போல புகை போடட்டும். பாதிக் கண்ணாடியை மூடி வை, பாதியைத் திறந்து வை."

மேடம் கூப்பிட்டுச் சொன்னதும் ரமணம்மாக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பட்டுக் கரை வைத்த சேலையில் வந்தார். மேடமே பார்த்துக்கொண்டிருக்க, மேஜையை மூன்று சுற்றுச் சுற்றினார். இது எதற்காக என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று காலை என் மனது இரண்டு இடத்தில் இருந்தது. போன வாரம் வராத போன் இந்த வாரமாவது வர வேண்டும். மேடம் அதைப் புரிந்துகொண்டு, "நீ போய் வெளியே நில்லு. ரீடிங் நான் எடுக்கறேன்" என்றார். நான் போகவில்லை. முதல் இரண்டு கண்ணாடிகளை நானே வைத்தேன். மூடியிருந்தது நகரவில்லை. திறந்திருந்தது நகர்ந்தது. மறுபடி ஒரு ஜோடி. மூடியது நின்றது, திறந்தது நகர்ந்தது. மேடம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் வெளியே ஓடினேன். கட்டடத்தின் வெளிப் படிக்கட்டில் கால் வைத்ததும் சிக்னல் வந்தது. சிக்னல் வந்ததும் போன் அடித்தது.

"அமுலு! கண்டுபுட்ச்சிட்டோம் அமுலு! சாம்பிராணிப் புக! அதான் நகந்துக்கினு இருந்துது! இனிமே கமிட்டி வந்தா பயமில்ல. வேலை நிக்கும். நீ கெளம்பி வந்துடு. ஏஜெண்டுகிட்ட இன்னிக்கே சொல்லிடு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அமுலு?"

"போன வாரம் ஏஜெண்டு பேப்பர எட்த்துக்கினு வந்தாருய்யா" என்றாள். "இன்னும் ரெண்டு வருசத்துக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீதான் சொல்லிக்கினே இருந்தியே, கோடு நகருது, வேலை நிக்காதுன்னு. ரெண்டு பேரும் வேலை இல்லாம குந்திக்கினு இன்னாய்யா பண்றது? அதான் போட்டேன். அந்த வெள்ளிக்கெயம போன கையில எட்த்தேன். உங்கிட்ட இன்னான்னு சொல்றது? வெச்சிட்டேன். நீ கூப்ட்டப்பவும் பாத்துக்கினேதான் இருந்தேன். எடுக்கத் தெம்பு வரல."

"சரி" என்றேன்.

"கோவமாய்யா?"

"இல்ல."

"துன்னியா?"

"துன்னேன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அங்கே குழந்தை அழும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் படிக்கு வந்தது. எனக்குப் பின்னால் சாம்பிராணி வாசனை. திரும்பினால் ரமணம்மாக்கா தூபக்காலோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நான் பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

"புகயாலதான் எல்லாம் கெட்டுதா?" என்றார்.

மறைக்கத் தோன்றவில்லை. "மிஷினுக்குப் புக ஆவாதுக்கா. நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா அதுக்குத் தெரியாதில்ல. இனிமே உள்ள வேணாம்."

அவர் சேலையின் பட்டுக் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். எனக்கு அமுலு சொன்னதைவிட இதைச் சொன்னதுதான் அந்த நேரத்தில் அதிகம் வலித்தது.

"உள்ள வேணாம்னா வேணாம்" என்றார் கடைசியில். "இங்க வெக்கலாம் இல்ல?"

தூபக்காலைப் படியில், எனக்குப் பக்கத்தில் வைத்தார். அவரும் அடுத்த படியில் உட்கார்ந்தார். கரி முழுக்கத் தணியும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவர் உள்ளே போய்த் தன் தூக்குச் சட்டியை எடுத்துவந்து திறந்து, "துன்னல இல்ல நீ? பொய் சொன்னியே அந்தப் பொண்ணுகிட்ட. இந்தா" என்று இரண்டு இட்லியை மூடியில் வைத்து நீட்டினார்.

7. கடைசியாக

கமிட்டி வந்தது. பிளாங்க் நகரவில்லை. ப்ராஜெக்டை நீட்டித்தார்கள். அந்த சென்சார் இன்னும் ஆஸ்பத்திரி வரை போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் அப்படித்தான், ஒருவர் நடந்த தூரத்திலிருந்து அடுத்தவர் நடக்க வேண்டும். அமுலு இரண்டு வருஷம் முடிந்து வந்தாள். வரும்போது அந்தக் குவைத்துப் பிள்ளையின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அது இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமைகளில் நான் திருச்சானூர் அறையில் காத்திருக்கவில்லை. காலையிலேயே வந்து கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். போன் அங்கேதான் வரும். தூபக்காலும் அங்கேதான் இருக்கும்.

கதவிலிருந்த தாளில் புகை கூடாது என்று ஒரு வரி சேர்த்தது என் கைதான். இப்போது நீங்கள் அச்சடித்து ஒட்டியிருக்கும் பலகையிலும் அந்த வரி இருக்கிறது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளே, உங்கள் பீக் காரணமில்லாமல் நகர்ந்தால் தண்ணீரைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், கரண்டைப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் இல்லாத நேரத்தில் அறைக்குள் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது குரலை உயர்த்தாமல் கேளுங்கள். அவர் உங்களுக்காகத்தான் வந்திருக்கக்கூடும்.